வெந்நி பதம் பாக்கிறவ

"அம்மா, இதெல்லாம் வெறும் பிரிண்ட்டு, ஒரிஜினல்லாம் மேல இருக்கு, வா." இத நான் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகுது. சொன்னப்ப ஒண்ணும் தோணல. கால் வலிக்குதுன்னு அம்மா புலம்ப ஆரம்பிக்கிறதுக்குள்ள முக்கியமான நாலு படத்தையாவது காட்டிடணும், மூணே முக்கால் ட்ரெயின விட்டா அடுத்தது கூட்டமா வரும், இதுதான் மண்டைல ஓடிட்டு இருந்துச்சு. அம்மா சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் மியூசியத்துல ஒரு இருட்டான ரூம்ல ஒரு சின்ன ஃப்ரேம் முன்னாடி நின்னவ, அசையாம, என்னைத் திரும்பிக்கூட பாக்காம சொன்னா: "நம்ம பூஜை ரூம்ல இருக்க லட்சுமியும் பிரிண்ட்டுதான். அதுக்கு நாப்பது வருஷமா வெளக்கேத்துதேன். ஒரிஜினல் எங்க இருக்குன்னு யாருக்குட்டி தெரியும்?"

நான் சிரிச்சேன். சிரிச்சுட்டு கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டேன். அது என்ன படம், யாரு போட்டதுன்னு பக்கத்துல ஒட்டியிருந்த சீட்டக்கூட நான் படிக்கல. அந்த உறுத்தல் இன்னும் போகல, அதான் எழுதி வைக்கலாம்னு உக்காந்திருக்கேன்.

அம்மா ஆறு மாசம் இருக்கலாம்னு வந்திருந்தா. கோயில், மால், காஸ்ட்கோ, நயாகரா எல்லாம் முடிஞ்சாச்சு, ஊருக்குக் கெளம்ப மூணு வாரம்தான் இருக்கு, அப்பதான் திடீர்னு "விவேகானந்தர் பேசின எடம் இங்கனதானட்டி?"ன்னு கேட்டா. நான் சிகாகோ பக்கத்துல பதினோரு வருஷமா இருக்கேன், ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டுக்கு ரெண்டு தடவைதான் போயிருக்கேன், அதுல ஒரு தடவை ஆபீஸ்ல கூட்டிட்டுப் போனது. இல்லினாய்க்காரங்களுக்கு ஃப்ரீயா விடற நாள் ஒண்ணு பாத்து மெட்ரா புடிச்சு யூனியன் ஸ்டேஷன்ல எறங்கி ஆடம்ஸ் தெருவுல நேரா நடந்தோம். அந்தத் தெரு மிச்சிகன் அவென்யூல போய் முட்டற எடத்துலதான் மியூசியம். வாசல்ல ரெண்டு வெண்கல சிங்கம், எட்வர்ட் கெமீஸ் செஞ்சது, 1894லேர்ந்து நிக்குது. அம்மா சிங்கத்தப் பாத்துட்டு "நம்ம கோயில் யாளி மாதிரி வாய் தொறக்கலயே"ன்னா.

உள்ள போனதும் முதல் ஏமாற்றம். விவேகானந்தர் எங்க நின்னு பேசினாருன்னு காட்டச் சொன்னா என்னத்தக் காட்ட? 1893 செப்டம்பர் 11ல அவர் பேசினது இந்தக் கட்டடத்துலதான், ஆனா அந்த ஹால் மாநாட்டுக்காகத் தற்காலிகமா போட்டது, அது இப்ப இல்ல. 2010ல ஜிதிஷ் கல்லாட்ங்கிற நம்ம ஊர் கலைஞர் பெரிய மாடிப்படில ஒவ்வொரு படியோட முகத்துலயும் அந்தப் பேச்ச எல்இடி எழுத்தா ஓட விட்டிருந்தாரு, அதையும் எப்பவோ எடுத்துட்டாங்க. அம்மா அந்தப் படில ஒண்ணத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. பக்கத்துல போன வெள்ளைக்காரம்மா, அம்மா படி தடுக்கி விழுந்துட்டாளோன்னு பதறி ஓடி வந்துச்சு.

பாத்ததும் பாக்காததும்

சரி, மேல போனோம். அமெரிக்கன் கோதிக் முன்னாடி எப்பவும் இருக்க கூட்டம். உண்மையச் சொல்லிடறேன், அந்தப் படத்த நேர்ல பாத்தப்ப எனக்கு ஒண்ணுமே ஆகல. கவட்டைக்கொம்பு புடிச்ச வழுக்கைத் தல மனுஷன், பக்கத்துல மொறச்சுட்டு நிக்கிற பொண்ணு, பின்னால சர்ச் ஜன்னல் மாதிரி ஒரு ஜன்னல். ஃப்ரிட்ஜ் மேக்னட்ல, காப்பிக் கோப்பைல, கார்ட்டூன்ல, மீம்ல ஆயிரம் தடவ பாத்தாச்சு. நேர்ல என்ன இருக்குன்னா, சின்னதா இருக்கு. 78 சென்டிமீட்டர் ஒசரம், 65 அகலம், நம்ம வீட்டு காலண்டர் அட்டைய விட கொஞ்சம் பெருசு, அவ்ளோதான். 1930ல கிராண்ட் வுட் இதே மியூசியம் நடத்தின போட்டிக்கு அனுப்பி 300 டாலர் பரிசு வாங்கின படம், அப்பவே மியூசியம் வாங்கிக்கிச்சு. நின்னவங்க ரெண்டு பேரும் விவசாயிங்களே இல்ல, ஒண்ணு அவரோட தங்கச்சி, இன்னொண்ணு அவங்களோட பல் டாக்டர், ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணா நின்னதும் இல்ல, அந்த வீட்டு முன்னாடி நின்னதும் இல்ல. அம்மா கேட்டது ஒரே கேள்வி: "புருஷன் பொண்டாட்டியா, அப்பாவும் மகளுமா?" இதே கேள்விதான் அந்தப் படம் வந்த காலத்துலேர்ந்து சண்டையா இருக்கு, அந்தத் தங்கச்சி கடைசி வரைக்கும் நான் மகளாத்தான் நின்னேன்னு சொல்லிட்டே இருந்தாங்களாம். "மகதான்"னு அம்மா தீர்ப்பு சொல்லிட்டு நகந்துட்டா. "பொண்டாட்டின்னா இவ்ளோ பயந்து நிக்க மாட்டா."

நைட்ஹாக்ஸ் கிட்ட பெஞ்சு இருந்துச்சு, அதனால அங்க பத்து நிமிஷம். ராத்திரி நேரம், முக்குல ஒரு சின்னக் கடை, கண்ணாடிக்குள்ள மூணு பேரு, வெள்ளச் சட்டை போட்ட கடைக்காரன். "இந்நேரத்துக்கு அந்தப் பொண்ணு அங்கன என்ன பண்ணுது?" அதுக்கு நான் எட்வர்ட் ஹாப்பர், 1942, நகரத்துத் தனிமை அது இதுன்னு ரெண்டு நிமிஷம் லெக்சர் குடுத்தேன், அம்மா கொட்டாவி விட்டா. அவளுக்குப் புடிச்சது வின்ஸ்லோ ஹோமரோட ஹெரிங் நெட். தூத்துக்குடிக்காரிக்கு வேற என்ன புடிக்கும். மெயின்ங்கிற மாநிலத்துக் கடற்கரைல, அல மேல ஏறி எறங்கற சின்னப் படகு, ரெண்டு பேரு, வலை நெறய மீனு. 1885ல போட்டது. "மொகம் ஒருத்தனுக்கும் சரியாத் தெரியல, ஆனா வலை எம்புட்டுக் கனம்னு தெரியுது பாத்தியா"ன்னு அம்மா சொன்னத நான் எந்த கைடு புத்தகத்துலயும் இவ்ளோ சுருக்கமா படிச்சதில்ல.

அந்த இருட்டு ரூம் இதுக்கெல்லாம் முன்னாடி, மேல ஏறிப் போற வழில வந்தது. அங்க நடந்தது மேலயே சொல்லிட்டேன்.

ஊருக்குப் போன பிறகு ஒரு நாள் போன்ல, வேற ஏதோ பேசிட்டு இருக்கும்போது, "அந்தக் கொழந்தையக் குளிப்பாட்டுற படம் நல்லாருந்துச்சு"ன்னா. எனக்கு உடனே தெரிஞ்சுது, மேரி கசாட், த சைல்ட்ஸ் பாத், மேல பெயின்டிங் கேலரில பாத்தோமே. கோடு போட்ட கவுனு போட்ட அம்மா, மடில குழந்தை, ரெண்டு பேரும் தலைய ஒட்டி வெச்சுக்கிட்டு கீழ பேசின்ல இருக்க காலப் பாக்குறாங்க, நாம மேலேர்ந்து பாக்குறோம். 1893ல வரைஞ்சது, மியூசியம் 1910லயே வாங்கிருச்சு. அந்த அம்மாவோட கை அந்தப் பிஞ்சுக் காலப் புடிச்சிருக்க விதம் இருக்கே, அதுக்காகவே டிக்கெட் எடுக்கலாம். (அங்கயும் அம்மா சும்மா இருக்கல. "இப்டியா குளிப்பாட்டுவாங்க, காலை நீட்டிப் போட்டு அதுல கெடத்தி ஊத்தாண்டாமா, எண்ணெய் எங்க, சாம்பிராணி எங்க"ன்னு ஒரே விமர்சனம்.)

"அது இல்லட்டி" என்றாள் அம்மா. "இருட்டு ரூம்ல இருந்துச்சே, சின்னது. நீ இழுத்துட்டு வந்தியே. அதுல ஒரு பொம்பள ஒரு கையில பிள்ளைய வெச்சுக்கிட்டு இன்னொரு கைய தண்ணிக்குள்ள விட்டு வெந்நி பதம் பாத்துட்டு இருந்தா. மஞ்சத் துணி உடுத்தியிருந்தா."

தேடல்

மியூசியம் இணையதளத்துல கலெக்ஷன் முழுக்கத் தேடலாம். அரை மணி நேரத்துல கெடச்சுது, அதுவும் மேரி கசாட்தான். த பாத். 1890-91ல அவங்க செஞ்ச பத்து கலர் பிரிண்ட்ல ஒண்ணு. பெயின்டிங் வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே பிரிண்ட் வந்தாச்சு! அதாவது நான் எதக் காட்டி "ஒரிஜினல் மேல இருக்கு"ன்னு சொன்னேனோ அது பின்னாடி வந்தது, எத வெறும் பிரிண்ட்டுன்னு சொன்னேனோ அது முன்னாடி வந்தது. இதப் படிச்சப்ப காது சூடாயிடுச்சு எனக்கு.

கசாட் அமெரிக்காக்காரி, பென்சில்வேனியால 1844ல பொறந்தவங்க, ஆனா வாழ்க்கையோட பெரும்பகுதி பாரிஸ்ல. 1890 வசந்த காலத்துல பாரிஸ்ல ஜப்பான் மரக்கட்டை அச்சுப் படங்களோட பெரிய கண்காட்சி ஒண்ணு நடக்குது. போய்ப் பாத்துட்டு வந்தவங்களுக்குத் தூக்கம் போயிடுச்சு. ஜப்பான்காரங்க மரத்துல செதுக்கிச் செய்யறத நாம செப்புத் தகட்டுல செஞ்சா என்னன்னு இறங்கினாங்க. மத்தவங்க பெயின்டிங்கப் பாத்து காப்பி எடுக்கற பிரிண்ட் இல்ல இது, முதல்லேர்ந்தே பிரிண்ட்டாவே யோசிச்ச படம். இதுக்கு முன்னாடி இதே படம் கேன்வாஸ்ல எங்கயும் கிடையாது. அப்ப காப்பின்னா எதுக்குக் காப்பி?

இந்த எடத்துல அம்மாவும் தப்புதான்னு சொல்லணும், இல்லாட்டி நியாயமா இருக்காது. ரவிவர்மா லட்சுமி வேற கத. அவர் எண்ணெய் வண்ணத்துல வரைஞ்சாரு, 1894ல பம்பாய்ல ஜெர்மனி மெஷின் வெச்சு பிரஸ் போட்டாரு, அந்தப் பெயின்டிங்கப் பாத்து லித்தோகாரங்க கல்லுல ஒவ்வொரு கலருக்கும் தனித்தனியா எழுதி அச்சடிச்சாங்க. அது காப்பிதான், ஊரே வாங்கின காப்பி. கடைசில நஷ்டமாகி பிரஸ்ஸயே அங்க வேல பாத்த ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர்ங்கிற ஜெர்மன்காரர்கிட்ட வித்துட்டாரு. ஆனா அம்மா சொன்னது அந்த அர்த்தத்துல இல்லையே. வெளக்கேத்தறவளுக்கு முன்னாடி இருக்கறதுதான் லட்சுமி, எங்கயோ ஒரு அரமனைச் செவுத்துல தொங்கறது இல்ல. அதுக்கு என்கிட்ட இப்பவும் பதில் இல்ல.

சரி, போய்ப் பாத்துருவோம்னு ஒரு சனிக்கிழம தனியா கெளம்பிப் போனா, அந்த ரூம்ல வேற படங்க. விசாரிச்சதுல தெரிஞ்சுது, காகிதத்துல இருக்க படத்த ரொம்ப நாள் வெளிச்சத்துல வைக்க மாட்டாங்களாம். சாயம் வெளுக்கும், காகிதம் பழுக்கும். அதான் அந்த ரூம் இருட்டா இருக்கறதும். கொஞ்ச மாசம் மாட்டுவாங்க, அப்புறம் எடுத்து பெட்டிக்குள்ள வெச்சு இருட்டுல ஓய்வு, சில சமயம் வருஷக்கணக்கா. பெயின்டிங் மாதிரி நெனச்சப்ப போய் பாக்க முடியாது. இத அம்மாகிட்ட சொன்னப்ப அவளுக்கு ஆச்சரியமே இல்ல. "பட்டுச்சேலைய பீரோல மடிச்சுப் போட்டு வைக்கோம்ல, தெனமுமா உடுத்துதோம்?"

அப்ப அன்னைக்கு அம்மா நின்னது எப்பவாச்சும் ஒரு தடவ தொறக்கற பீரோ முன்னாடி. ஹெரிங் நெட் நாளைக்கும் இருக்கும், நைட்ஹாக்ஸ் அடுத்த வருஷமும் அங்கயேதான் தொங்கும், எங்கயும் போகாத படத்துக்காக அவசரப்பட்டு, அன்னைக்கு மட்டும் இருந்தத விட்டுட்டு ஓடியிருக்கேன்.

மேசை மேல

அந்த ஓய்வுல இருக்கறதப் பாக்கவும் ஒரு வழி இருக்கு, அது எத்தன பேருக்குத் தெரியும்னு தெரியல, எனக்குத் தெரியாது. பிரிண்ட்ஸுக்குன்னு ஒரு ஸ்டடி ரூம் இருக்கு, முன்கூட்டியே எழுதிக் கேட்டு நேரம் வாங்கிட்டுப் போனா எடுத்துக் காட்டுவாங்க. நான் பேராசிரியரும் இல்ல, ஓவியரும் இல்ல, பேங்கிங் சாஃப்ட்வேர் டெஸ்ட் பண்றவ. ஏன் பாக்கணும்னு கேட்டா என்ன சொல்றதுன்னு ரெண்டு நாள் யோசிச்சு கடைசில "எங்கம்மா பாத்தாங்க, நான் பாக்கல"ன்னு எழுதி அனுப்பினேன். நேரம் குடுத்துட்டாங்க.

கையக் கழுவச் சொன்னாங்க, பேனாவ வாங்கி வெச்சுட்டு பென்சில் குடுத்தாங்க, கோட்டு பை எல்லாம் லாக்கர்ல. ஒரு நீள மேசை. ஒரு சின்னப் பொண்ணு, படிச்சு முடிச்சு வந்த புதுசு போல, பெட்டியத் தொறந்து மவுன்ட்டோட எடுத்து சாய்வா நிறுத்தினா. கண்ணாடி கிடையாது. எனக்கும் அந்தக் காகிதத்துக்கும் நடுவுல ஒண்ணுமே கிடையாது. தும்மிடுவேனோன்னு பயந்து கொஞ்ச நேரம் மூச்ச அடக்கிட்டு இருந்தேன்.

கிட்டத்தட்ட ஏ4 பேப்பர் அளவுதான். மஞ்சக் கவுனு, அதுல பூ டிசைன், ஒரு கைல அம்மணக்குண்டியா குழந்தை, இன்னொரு கை நீலத் தொட்டிக்குள்ள. பின்னாடி ஒண்ணுமே இல்ல, வெறும் காகிதம். நிழல் கிடையாது, தரைன்னு ஒண்ணு கிடையாது. குழந்தையோட ஒடம்புல கோடு மட்டும்தான், தோலு எல்லாம் காகிதத்தோட நெறமே. அந்தக் கோட்டத்தான் நான் ரொம்ப நேரம் பாத்தேன். ஊசியால செப்புத் தகட்டுல நேரா கீறுறது, கீறும்போது ரெண்டு பக்கமும் பொடிசா செம்பு எழும்பும், அதுல மை தங்கும், அதான் கோடு லேசா வெல்வெட் மாதிரி இருக்கும். கலர் வர்ற எடத்துக்கு வேற முறை, குங்கிலியம் மாதிரி பொடியத் தூவி சூடு காட்டி ஆசிட்ல போட்டா தகட்டுல பொடிப்பொடியா சொரசொரப்பு விழும், அந்தச் சொரசொரப்பு மையப் பிடிக்கும். அப்புறம் ஒவ்வொரு கலரையும் துணி உருண்டையால கையாலயே ஒத்தி, தொடச்சு, ஈரக் காகிதம் போட்டு, பிரஸ்ல ஓட்டி, ஒரு தகடு முடிஞ்சதும் அடுத்த தகடு, அதே எடத்துல அச்சு அசலா உக்காரணும். இந்த ஒரு படத்துக்கு மட்டும் 17 தடவ தகட்ட மாத்தி மாத்தித் திருத்தியிருக்காங்க. நாள் பூரா ரெண்டு பேரும் பாடுபட்டா எட்டோ பத்தோதான் தேறுமாம். மொத்தமா ஒவ்வொரு படத்துக்கும் 25தான் போட்டாங்க. கையால மை ஒத்தறதால அந்த 25ல ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது.

ரெண்டு பேரும்னு சொன்னேன்ல. அதுதான் எனக்கு அந்த மேசைல நடந்தது. ஓரத்துல பென்சில்ல பிரெஞ்சுல ஏதோ கிறுக்கியிருந்துச்சு, என்னன்னு கேட்டேன். கலைஞரும் திரு லெர்வாவும் சேர்ந்து அச்சிட்டதுன்னு அர்த்தம், கீழ கையெழுத்து, 25 பிரதின்னு கணக்குன்னு அந்தப் பொண்ணு சாதாரணமா சொல்லிட்டு அடுத்த பெட்டிய எடுக்கப் போயிட்டா. லெர்வா யாரு? பிரஸ்காரரு. மை பூசறவரு, சக்கரம் சுத்தறவரு. தன் கையெழுத்துக்கு மேல பிரஸ்காரர் பேர எழுதியிருக்காங்க அந்தம்மா.

எங்க மாமா, அம்மாவோட தம்பி, சிவகாசில ஒரு ஆஃப்செட் பிரஸ்ல முப்பத்திரண்டு வருஷம் மெஷின்மேனா இருந்தாரு. சின்ன வயசுல லீவுக்குப் போனா தீபாவளி நேரத்துல காலண்டர் சீசன்ல அவர் விரலு நகத்துக்கடில எப்பவும் நீலமும் சிவப்பும் இருக்கும், சோறு பெசஞ்சு சாப்பிடும்போது பாத்து முகம் சுளிச்சிருக்கேன். முருகன் வேல் ஒரு நூல் தள்ளி விழுந்துட்டாலும் கத்தையக் கழிச்சுக் கட்டுவாரு, மொதலாளி திட்டுவாரு, இவரு "ரெஜிஸ்டர் உக்காரலன்னா முருகனுக்கு ரெண்டு மூக்கு வரும், பரவாயில்லையா?"ன்னு கேப்பாரு. அந்த முப்பத்திரண்டு வருஷத்துல நாடு பூரா தொங்கின காலண்டருக்கு அடில பட்டாசுக் கடை பேரு இருந்துருக்கு, ஜவுளிக்கடை பேரு இருந்துருக்கு, பிரஸ் பேரு பொடி எழுத்துல இருந்துருக்கு. மாமா போய்ச் சேந்து ஆறு வருஷம் ஆச்சு. அந்த மேசைல உக்காந்து நான் அழுதேன்னு எழுதினா நல்லாருக்கும், அழல. அந்த மஞ்சக் கவுனோட ஓரத்தப் பாத்தேன், கலரு கோட்ட விட்டு ஒரு மயிரிழ வெளிய வந்திருந்த மாதிரி பட்டுச்சு. மாமாவா இருந்தா கழிச்சிருப்பாருன்னு நெனச்சேன்.

இன்னொண்ணும் கேட்டிருந்தேன், ஹாப்பரோட எச்சிங், அதாவது தகட்டுல கீறி அச்செடுக்கற படம். நைட் ஷேடோஸ், 1921. ராத்திரி, ஒசரத்துலேர்ந்து பாக்கறோம், ஒத்த ஆளு நடந்து போறான், தெரு வெளக்குக் கம்பத்தோட நிழல் ரோட்டக் குறுக்கால வெட்டிட்டு விழுது. அவ்ளோதான். கருப்புன்னா அப்டியொரு கருப்பு, அதுக்காகவே நல்ல அடர்ந்த மை லண்டன்லேர்ந்து தருவிச்சாராம், காகிதம் கெடச்சதுலயே வெள்ளையானது. இத ஏன் சொல்றேன்னா, மனுஷன் 1913ல ஒரே ஒரு பெயின்டிங் வித்தாரு, அடுத்த பத்து வருஷம் எண்ணெய் வண்ணம் ஒண்ணு போகல. அந்தக் காலத்துல பத்திரிகைக்குப் படம் போட்டுப் பொழச்சுக்கிட்டு, சாயங்காலம் இந்தத் தகட்டக் கீறிட்டு இருந்தாரு, பேரு வாங்க ஆரம்பிச்சதே இந்த எச்சிங்னாலதான். தெருமுனை, ராத்திரி, தனியா ஒரு ஆளு, எங்கேர்ந்தோ வர்ற வெளிச்சம். இருபத்தியொரு வருஷம் கழிச்சு இதே சாமான வெச்சுத்தான் நைட்ஹாக்ஸ். அத இந்த மியூசியம் அதே 1942லயே 3,000 டாலருக்கு வாங்கிருச்சு, இப்ப அது முன்னாடி க்யூ. ஸ்டடி ரூம்ல நானும் அந்தப் பொண்ணும் மட்டும்.

1893

வீட்டுக்கு வந்தும் விடல. அந்த வருஷத்தையே நோண்டிட்டு இருந்தேன். விவேகானந்தர் பேசின அதே சமயத்துல அதே சிகாகோல பெரிய உலகக் கண்காட்சி ஒண்ணு நடந்துட்டு இருந்துச்சு. மெட்ராஸ் பசங்க அளசிங்கப் பெருமாளோட சேந்து வீடு வீடா வசூல் பண்ணி அவர அனுப்பி வெச்ச கத நம்ம எல்லாருக்கும் தெரியும். அதே கண்காட்சிக்கு ரவிவர்மா பத்து பெயின்டிங் அனுப்பியிருந்தாரு, பரிசும் வாங்குச்சு. அதே கண்காட்சில பெண்கள் கட்டடத்துக்கு மேரி கசாட் ஒரு பிரம்மாண்டமான சுவரோவியம் போட்டாங்க, மாடர்ன் வுமன்னு பேரு, அம்பது அடிக்கு மேல நீளம், பெண்கள் தோட்டத்துல மரத்துலேர்ந்து அறிவுப் பழத்தப் பறிச்சு அடுத்த தலமுறைக்குக் குடுக்கற மாதிரி. பிரான்ஸ்ல இதுக்காக கண்ணாடிக் கூரை போட்ட கொட்டகை கட்டி, கேன்வாஸ எறக்க தரைல பள்ளம் வெட்டி, ஏணில ஏறாம நின்ன எடத்துலயே வரைஞ்சிருக்காங்க. பள்ளம் வெட்டற அளவுக்கு மெனக்கெட்ட வேல.

கண்காட்சி முடிஞ்சு கட்டடங்கள இடிச்சாங்க. அந்த ஓவியம் எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. கருப்பு வெள்ளை போட்டோவும், பத்திரிகைல வந்த அச்சும்தான் மிச்சம். அம்பது அடி ஒரிஜினல் காணாமப் போச்சு, ஏ4 சைஸு 25 பிரதி போட்டது இருக்கு. மியூசியத்துல பத்து படமும் முழு செட்டா இருக்கு. அம்மா அன்னைக்குக் கேட்டாளே, ஒரிஜினல் எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்னு, அத நான் வெறும் எகத்தாளம்னு நெனச்சேன்.

இதெல்லாம் சேத்து ஒரு ஞாயித்துக்கிழம அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். ஸ்டடி ரூம்ல ஃப்ளாஷ் இல்லாம எடுத்த போட்டோவ அனுப்பி, பெருமையா, "இந்தா உன் படம், கண்டுபுடிச்சுட்டேன்"னேன். அம்மா கண்ணாடியப் போட்டு, கழட்டி, போனத் தள்ளி வெச்சு, கிட்ட வெச்சுப் பாத்தா. "இதுவா..." ரொம்ப நேரம் இழுத்தா. "இது மாரிதான் இருக்கு. ஆனா அது இவ்ளோ மஞ்சளா இல்லட்டி. அந்தப் பொம்பள மொகமும் இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சிருந்த மாரி ஞாபகம்." எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. ரூம் இருட்டு, போன் ஸ்க்ரீன் வெளிச்சம், ஒரு வருஷ ஞாபகம், எதுனால வேணாலும் இருக்கலாம். வேற படமாவும் இருக்கலாம். கசாட் தாயும் பிள்ளையும் போட்ட பிரிண்ட் ஒண்ணா ரெண்டா? "வெந்நிக்குள்ள கை இருந்துச்சுல்ல?"ன்னு கேட்டேன். "இருந்துச்சு"ன்னா. "அப்ப இதுதான்." "சரி, நீ சொன்னா சரி"ன்னா, அது ஒத்துக்கிட்ட சரி இல்ல, எனக்குத் தெரியும்.

பேச்ச மாத்தறதுக்காக நம்ம லட்சுமி படத்துக்கு அடில என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுன்னேன். அது ஆச்சி கல்யாணத்துக்கு வந்த படம், ஃப்ரேம் ரெண்டு தடவ மாத்தியாச்சு, அதுல பிரஸ் பேரு போட்டிருக்கும், வருஷம் இருந்தாலும் இருக்கும். "இன்னைக்கு அம்மாவாச, கழட்ட மாட்டேன்"னுட்டா. அப்புறம் செவ்வா, அப்புறம் வெள்ளி, அப்புறம் யாருக்கோ தீட்டு. போன வாரம் அவளே கூப்பிட்டா. படத்த எறக்கி மடில வெச்சுக்கிட்டு, கண்ணாடியக் கழட்டிட்டு பேசறா, குரல்லயே தெரிஞ்சுது. கீழ ஏதோ பொடிசா இங்கிலீஷ்ல எழுத்து இருக்காம், ஆனா அது மேல நாப்பது வருஷக் குங்குமமும் சந்தனமும் கெட்டியா அப்பிப் போய்க் கெடக்காம்.

"பிளேடு இருக்கு. சொரண்டிப் பாக்கவா?"ன்னா.

வேண்டாம்மான்னேன். அப்படியே மாட்டிரு.